கூரைக்கு வெளியே நின்றவன்

அத்தியாயம் 9

“உங்க ஷ்டார்க்கர் இன்னும் வாயைத் திறக்கலை, ஆன்ஷெல்,” என்றார் லெப்டினன்ட் மல்கேஹி. “திறக்கவும் வேண்டாம். நாளைக்குப் பத்து மணிக்கு நீதிபதி முன்னாடி நிறுத்திடுவேன். கொலைக் குற்றம். மின்சார நாற்காலி. அவ்வளவுதான்.”

“அந்த உடம்புக்கு அந்த நாற்காலி பத்தாதே சார்,” என்றாள் ஃப்ராட்ல். “தச்சனுக்குச் சொல்லி அனுப்பிட்டீங்களா?”

மல்கேஹி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஃப்ராட்ல் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அடுத்த குத்தலுக்கு வாயைத் தயார் செய்துகொண்டாள். அவள் என் உதவியாளர். செத்துப்போன என் மனைவி கித்லின் தங்கை. பட்டன்துளை தைக்கும் வேலையை விட்டுவிட்டு என்னோடு துப்பறிய வந்தவள். நான் ஒரு தடவையாவது சிரிப்பேன் என்று ஒரு வருஷமாக முயற்சி செய்கிறாள். எனக்குத்தான் எதுவும் உறைப்பதில்லை. பசி உறைப்பதில்லை, பிப்ரவரிக் குளிர் உறைப்பதில்லை. லட்லோ தெருவில் ஒரு மனிதன் செத்தான், இன்னொருவன் சாகப் போகிறான் என்றாலும் சரி என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

மல்கேஹி ஒரு குட்டி நோட்டைத் திறந்தார். அவர் ஐரிஷ்காரர். எங்கள் பேட்டையில் பதினைந்து வருஷமாக இருப்பதால் யூதர்களான எங்கள் யிட்டிஷ் பாஷை வார்த்தைகளைப் பொறுக்கி அதில் எழுதி வைத்திருக்கிறார்.

“ஷ்டார்க்கர்னா அடியாள். ஷ்லாமர்னா குழாயை நியூஸ்பேப்பர்ல சுத்தி அடிக்கறவன். புல்வான்னா மாடு மாதிரி உடம்பு, மூளை கிடையாது. உங்க ஆளு இதுல எது?”

“மூணும் இல்லை,” என்றேன்.

“மூணும்தான்,” என்று நோட்டை மூடினார்.

ஷ்டார்க்கர் என்றால் பலசாலி. தொண்டையில் சவ்வு அடைத்துப் பிழைத்த என் தம்பியைத் தூக்கிவைத்துக்கொண்டு ‘என் ஷ்டார்க்கர்’ என்று அம்மா கொஞ்சியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்புறம் முதலாளிகள் தொழிலாளியை அடிக்க ஆள் பிடித்தார்கள், யூனியன் திருப்பி அடிக்க ஆள் பிடித்தது, இரண்டு பக்க ஆளுக்கும் அந்தப் பெயரே விழுந்தது. போலீஸ்காரர்கள் அதை எங்களிடமிருந்து எடுத்தார்கள், ஆங்கிலப் பத்திரிகைகள் போலீஸ்காரர்களிடமிருந்து எடுத்தன. கைதான மறுநாள் காலைப் பதிப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: ‘ஷ்டார்க்கர் கைது’. பெயருக்குக் கீழே ஆள் யார் என்று யாரும் படிக்கப் போவதில்லை. நானும் பத்து வருஷம் ஷ்டார்க்கர் வேலை பார்த்தவன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வழக்கு இதுதான். லைசர் கூப்ஃபர் என்பவருக்கு லட்லோ தெருவில், மூன்றாம் மாடியில், கோட்டு தைக்கும் கடை. யூனியன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார். அவர் போடும்வரை அவருடைய அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதற்காக யூனியன் ஒரு ஷ்டார்க்கரை அனுப்பியது. அவன்தான் ஹெர்ஷ்ல். அடிக்கக்கூட வேண்டாம், உட்கார்ந்தாலே போதும், அப்படி ஒரு உருவம். கூப்ஃபர் தினமும் மூன்றரை மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சோபாவில் தூங்குவார். ஐந்து மணிவரை அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. திங்கட்கிழமை ஐந்து மணிக்கு மேஸ்திரி ஸிமெல் கதவைத் திறந்தபோது கூப்ஃபர் மண்டை உடைந்து கிடந்தார். வாசலில் ஹெர்ஷ்ல் உட்கார்ந்திருந்தான்.

“எதால அடிச்சான்?” என்று கேட்டேன்.

“குழாய்தான். ஆத்துல வீசியிருப்பான்,” என்றார் மல்கேஹி.

“நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே ஆத்துல வீசினானா? கை ரொம்ப நீளம்,” என்றாள் ஃப்ராட்ல்.

மல்கேஹி கதவைக் காட்டினார்.

கடைக்கு சீல் வைத்திருந்தார்கள். அதனால் அதே கட்டடத்தின் வாசலில், தகரக் கூரைக்கடியில், ஊறுகாய்ப் பீப்பாய்களோடு உட்கார்ந்திருக்கும் பெய்லா அக்காவிடம் போனோம். அந்தப் படிக்கட்டில் ஏறும் ஈ எறும்புகூட அவள் கண்ணில் படாமல் தப்ப முடியாது.

“வாம்மா ஃப்ராட்ல். உங்க அத்தான் ஏன் இப்படி உப்புல போட்ட வெள்ளரிக்கா மாதிரி நிக்கறாரு?”

“அவர் எப்பவும் அப்படித்தான் அக்கா. நீங்க வேணும்னா எடுத்துப் பீப்பாய்ல போட்டுக்கங்க. திங்கக்கிழமை யார் யார் மேல போனாங்க?”

“எல்லாரும் காலையிலேயே போயிட்டாங்க. ஹெர்ஷ்ல் மட்டும் மத்தியானம். மூணே முக்கால் இருக்கும். என்கிட்ட ரெண்டு வெள்ளரிக்கா வாங்கிட்டுப் போனான். விசில் அடிச்சிக்கிட்டே போனான், பாவி. கொலை பண்ணப் போறவன் மாதிரியா இருந்தான்?”

“அதுக்கப்புறம் நீங்க மேல போனீங்களா?”

“மூணு தடவை! என் முட்டியைக் கேளு, அது சொல்லும். எல்லாம் அவன் அண்ணன் நோக்கெமால வந்தது.”

நோக்கெம் எங்கள் கட்சிக்காரன். தம்பியைக் காப்பாற்றச் சொல்லி மூன்று நாளாக என் வாசலில் நிற்பவன். கூப்ஃபர் கடையில் இஸ்திரி போடுகிறவன். ஒல்லிப்பிச்சான். அண்ணன் தம்பி இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

“நோக்கெம் என்ன பண்ணினான்?” என்று கேட்டேன்.

“கொல்லைப் பக்கம் குழாயில கை கழுவிட்டுத் தெருவுக்கு வந்தான். ‘உன் தம்பி இப்பத்தான் மேல போனான்’னு சொன்னேன். மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துப் போச்சு. ‘அக்கா, போய் அவனைக் கூட்டிட்டு வாங்க, அம்மாவுக்கு நெஞ்சு வலின்னு சொல்லுங்க’ன்னான். ஏறினேன். அந்தத் தடியன், ‘அம்மாவைக் காலையில பார்த்தேன், என்னைத் தொடப்பத்தால அடிச்சா, நல்லாத்தான் இருக்கா’ன்னு தின்னுக்கிட்டே இருக்கான். இறங்கினேன். ‘வீட்டுல நெருப்புப் பிடிச்சிடுச்சுன்னு சொல்லுங்க’ன்னான். ஏறினேன். ‘நெருப்புன்னா குளிருக்கு நல்லதுதானே’ங்கறான். மூணாவது தடவை இந்த நோக்கெம், ‘ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் கூப்பிடறேன்னு மட்டும் சொல்லுங்க’ன்னு அழறான்.”

“அவனே மேல போயிருக்கலாமே?”

“அதைத்தான் நானும் கேட்டேன்! கொட்டற பனியில சட்டையோட நிக்கறான். கோட்டு மேல ஆணியில தொங்குது. ‘போய் எடுத்துப் போட்டுக்கோடா’ன்னா மாட்டேங்கறான். ‘சரி, இந்தத் தகரத்துக்கடியிலயாவது வாடா’ன்னா அதுவும் மாட்டேங்கறான். எதிர்ப்பக்கம் போய் ஒரு மணி நேரம் நனைஞ்சான். அந்தக் குடும்பத்துக்கே கொஞ்சம் மறை கழண்டது. கோஹன் வம்சம்னு பெருமை வேற.”

ஃப்ராட்ல் ஊறுகாய்ச் சாறு சொட்டும் கையோடு என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“அத்தான்! கோஹன்! கேட்டீங்களா?”

கேட்டேன். கோஹன் என்றால் எங்கள் பழைய கோயிலில் பூசை செய்தவர்களின் வழி வந்தவன். அப்பனுக்கு உண்டென்றால் பிள்ளைக்கும் உண்டு. கோயில் இடிந்து எத்தனையோ நூற்றாண்டு ஆனாலும் தீட்டு மட்டும் விடவில்லை. பிணம் கிடக்கிற கூரைக்கடியில் கோஹன் நிற்கக்கூடாது. சொந்தக்காரன் சாவுக்குக்கூடத் தெருவில் நிற்பான். எங்கள் பேட்டையில் ரம்மி ஆடுகிறவன், சாராயம் கடத்துகிறவன், முட்டியை உடைக்கிறவன் எல்லாரும் உண்டு. ஆனால் கோஹன் என்றால் இந்த ஒன்றில் மட்டும் அத்தனை பேரும் பயந்து சாவார்கள்.

“ஹெர்ஷ்லும் ஒரு கோஹன்தானே. அடைச்ச கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வெள்ளரிக்கா தின்னிருக்கான். உள்ள பிணம் இருக்கறது தெரிஞ்சா உட்காருவானா? தெரியாது! தெரியாதுன்னா அவன் கொல்லலை. முடிஞ்சது கேஸு. நாளைக்குப் பத்து மணிக்கு அவன் வீட்டுல காபி குடிப்பான்.” ஃப்ராட்ல் குதித்தாள். “சிரிங்க அத்தான். ஒரே ஒரு தடவை. பல்லுக்குக் காத்துப் படட்டும்.”

நான் பெய்லா அக்காவிடம் திரும்பினேன்.

“மூணாவது தடவை போனப்ப ஹெர்ஷ்ல் என்ன சொன்னான்?”

“அது ஒரு மாதிரி இருந்துச்சுப்பா. ‘அண்ணன் எங்க நிக்கறான்?’னு கேட்டான். ‘எதிர்ப்பக்கம் பனியில, தகரத்துக்கடியிலகூட வரமாட்டேங்கறான்’னேன். கையில இருந்த ரொட்டியைக் கீழ வச்சான். அந்தக் கதவைப் பார்த்தான். எழுந்திருக்கப் போறான்னு நெனச்சேன். நல்லா சாஞ்சு உட்கார்ந்துக்கிட்டு, ‘இன்னும் ரெண்டு வெள்ளரிக்கா எடுத்து வை அக்கா’ன்னான்.”

“ஸிமெல் கதவைத் திறந்து கத்தினதும்?”

“எல்லாரும் விழுந்தடிச்சு இறங்கி வந்தாங்க. தையல்காரப் பொண்ணுங்க என் பீப்பாயை உருட்டிட்டாங்க. ஹெர்ஷ்ல் மட்டும் வரலை. போலீஸ் ஏறிப் போய்த்தான் கூட்டிட்டு வந்தாங்க.”

ஃப்ராட்லின் கை என் சட்டையிலிருந்து நழுவியது. அவளுக்கும் புரிந்துவிட்டது. பிணம் என்று கூச்சல் கேட்டதும் முதலில் ஓடியிருக்க வேண்டியவன் கோஹன்தான். அவன் மட்டும் ஓடவில்லை. அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே, உள்ளே பிணம் என்று யாருக்குமே தெரியாதபோது, இன்னொரு கோஹன் கூரையை விட்டு விலகி, அந்தக் கூரையோடு ஒட்டிய தகரத்தையும் விட்டு விலகி, பனியில் நின்றிருக்கிறான். தம்பியின் மேல் தீட்டுப் பட்டுவிடக்கூடாதே என்று மூன்று தடவை ஆள் அனுப்பியிருக்கிறான்.

“அத்தான், நம்ம கட்சிக்காரனா?”

“ஆமாம்.”

“வேற யாராவது இருக்கக்கூடாதா?”

வேறு யாரும் இல்லை. நான் என்ன ராஜாவா, பிடித்த ஆளை விட்டுவிட்டுப் பிடிக்காத ஆளைத் தண்டிக்க? தெருவில் ஒரு போலீஸ்காரன் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். நாங்கள் கிளம்பியதும் அவன் ஸ்டேஷன் பக்கம் போனான்.

நோக்கெம் என் அலுவலகத்தில் காத்திருந்தான். அலுவலகம் என்பது மெழுகுவர்த்திக் கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு நாற்காலி. தம்பியின் கோட்டைப் போட்டிருந்தான். விரல்கள்கூட வெளியே தெரியாமல் கைகள் தொங்கின.

“ஏதாவது கிடைச்சுதா அண்ணே?” என்று எழுந்தான்.

“உட்காரு. உன் தம்பி குற்றவாளி இல்லைன்னு தெரிஞ்சு போச்சு.”

அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது, இந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று நினைத்தேன். ஃப்ராட்ல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள்.

“நோக்கெம், அந்தத் தகரத்துக்கடியில ஏன் நிக்கலை?”

வெளிச்சம் போயிற்று. அவன் என்னைப் பார்த்தான். பிறகு கோட்டுக்குள் இருந்த தன் கைகளைப் பார்த்தான். மறுக்கவே இல்லை.

“மூணரை மணிக்கு, அவர் தூங்கப் போறதுக்கு முன்னாடி, இஸ்திரி போட்ட கோட்டைக் காட்ட உள்ள போனேன். எப்பவும் போறதுதான், என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாங்க. கையில இஸ்திரிப் பெட்டி இருந்துச்சு, காலர் மடிப்பு சரியில்லைன்னா அங்கேயே தேய்ச்சுக் குடுக்கணும். கூப்ஃபர் படுத்துக்கிட்டே சொன்னாரு. ‘நாளையிலருந்து உன் தம்பி தொல்லை இருக்காது. புரூக்ளின்லருந்து ரெண்டு பேரை வரச் சொல்லியிருக்கேன். அந்த நாற்காலியிலயே முடிச்சிடுவாங்க’ன்னாரு. நான் கால்ல விழுந்தேன் அண்ணே. நெஜமாவே விழுந்தேன். ‘அஞ்சு மணிக்கு எழுப்பு’ன்னு சொல்லிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் எனக்குத் தெரியலை. கை தெரிஞ்சு வச்சிருந்துச்சு.” கோட்டின் கையை மேலே தள்ளிவிட்டான், அது மறுபடி இறங்கியது. “மூஞ்சியை அப்படியே விட மனசு வரலை. இஸ்திரிக்கு நனைச்ச துணி தோள்ல இருந்துச்சு. அதைப் போட்டு மூடினேன். பெட்டியைக் கொண்டு போய் அதோட இடத்துல வச்சேன். இன்னும் அங்கதான் இருக்கு.”

“மூணு நாளா என்கிட்ட ஏன் வந்தே?”

“நீங்க அவனை வெளியே கொண்டு வந்துடுவீங்கன்னு நெனச்சேன். என்னைத் தொடாம.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “எனக்குத் தைரியம் கிடையாது அண்ணே. எங்க வீட்டுல அது எல்லாம் அவனுக்குத்தான்.”

நோக்கெம் எழுந்து தானாகவே கதவைத் திறந்தான். ஸ்டேஷன்வரை மூன்று பேரும் நடந்தோம்.

மல்கேஹி மேஜையில் ஒரு காகிதத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு குஷியாக இருந்தார்.

“தாமதமா வந்துட்டீங்க ஆன்ஷெல். உங்க ஆளு கையெழுத்துப் போட்டுட்டான். நீங்க ஊறுகாய்க் கடையில விசாரிக்கறீங்கன்னு சும்மா பேச்சுக்குச் சொன்னேன். உடனே பேனா கேட்டான்.”

அவர் முதுகுக்குப் பின்னால் கம்பிக் கதவு. அதற்குள் ஹெர்ஷ்ல் நின்றுகொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்தான்.

“அவனை ஏன் கூட்டிட்டு வந்தீங்க?” என்று எங்கள் பாஷையில் என்னிடம் சீறினான். “போகச் சொல்லுங்க!”

“மூணாவது தடவை புரிஞ்சிடுச்சு, இல்லையா ஹெர்ஷ்ல்?”

“என்ன புரிஞ்சுது? ஒண்ணும் புரியலை. நான்தான் அடிச்சேன்.”

“தகரம்னு கேட்டதும் புரிஞ்சுது. தீட்டுன்னு தெரிஞ்சே அங்க உட்கார்ந்தே.”

அவன் குரல் இறங்கியது. “யாராவது ஒருத்தன் உட்கார்ந்திருக்கணும்ல. நான் எழுந்து போனா, யார் போனான் யார் வந்தான்னு தேடுவாங்க. நான் இருந்தா தேடமாட்டாங்க. ஊரே எனக்கு ஷ்டார்க்கர்னு பேர் ஒட்டி வச்சிருக்கு. அந்தப் பேர் ஒரு தடவையாவது உபயோகப்படட்டும். அவனால ஒரு நாள்கூட ஜெயில் தாங்க முடியாது, ஆன்ஷெல். சின்ன வயசுலருந்து இருமறான்.”

“என்ன பேசிக்கறீங்க?” என்றார் மல்கேஹி.

நோக்கெம் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் சொன்னான். “சார், நான்தான். இஸ்திரிப் பெட்டி. அப்புறம் ஈரத் துணி போட்டு மூஞ்சியை மூடினேன்.”

மல்கேஹியின் சிரிப்பு பாதியில் நின்றது. துணியைப் பற்றி அவர் எந்தப் பத்திரிகைக்கும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் நோக்கெமை மேலும் கீழும் பார்த்தார். கோட்டுக்குள் ஆளே இல்லாததுபோல் இருந்தான் அவன்.

“தம்பி சொல்லிக் குடுத்திருப்பான். போப்பா, போ. ஒரு மண்டையை உடைக்கப் பலம் வேணும். என் நோட்டுல உனக்கெல்லாம் பேரே இல்லை.”

“அவன் பைத்தியம் சார்! துரத்தி விடுங்க!” என்று ஹெர்ஷ்ல் கத்தினான்.

நோக்கெம் கோட்டைக் கழற்றி ஃப்ராட்லிடம் கொடுத்தான். சட்டையின் வலது கையைச் சுருட்டினான். பதினெட்டு பவுண்டு இரும்பை ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், இருபது வருஷம் தூக்கிய கை. அந்த உடம்பில் வேறு யாரோ கொண்டுவந்து ஒட்டவைத்ததுபோல் இருந்தது. அடுப்புப் பக்கத்தில் விளிம்புவரை நிரம்பிய கரி வாளி இருந்தது. அதன் பிடியைப் பிடித்தான். தோளுக்கு நேராக, முழங்கை மடங்காமல், மல்கேஹியின் முகத்துக்கு முன்னால் நீட்டினான்.

“தம்பி கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கிழிங்க. அப்புறம் வைக்கறேன்.”

மல்கேஹி முதலில் வேடிக்கை பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டாயிற்று. வாளி ஆடவில்லை. நோக்கெமின் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, அவன் துடைக்கவில்லை.

“வச்சிடு அண்ணா,” என்றான் ஹெர்ஷ்ல். “கை விட்டுப் போயிடும். வச்சிடு. உன் கால்ல விழறேன், வச்சிடுண்ணா!” இந்தப் பேட்டையில் எத்தனையோ பேரை மண்டியிட வைத்தவன், சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு அழுதான்.

கித்லைப் புதைத்த அன்றைக்கு வராத அழுகை, சம்பந்தமில்லாத இந்த இரண்டு பேருக்காக, மல்கேஹியின் அறையில் வைத்து வந்தது. தாங்க முடியாமல் வலித்தது. ஃப்ராட்ல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது நிமிஷம் முடியும்போது மல்கேஹி காகிதத்தை எடுத்து நீளவாக்கில் கிழித்தார். “கடைக்கு ஆள் அனுப்பு, அந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்துட்டு வரச் சொல்லு,” என்று வெளியே பார்த்துக் கத்தினார்.

நோக்கெம் வாளியை மெதுவாகக் கீழே வைத்தான். விலங்கோடு போலீஸ்காரர் வந்தார். நோக்கெம் கம்பிக் கதவருகில் போய்த் தம்பியின் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் நீட்டினான். உள்ளேயிருந்து ஹெர்ஷ்லின் கைகள் நீண்டு வந்து அண்ணனின் மணிக்கட்டுகளைப் பொத்திக்கொண்டன.

அவற்றைப் பிரித்தெடுக்க மூன்று போலீஸ்காரர்கள் வேண்டியிருந்தது.